சங்கடம் என்னும் சொல்

சொற்களும் மக்களைப் போலவே ஊர்விட்டு ஊர் பெயர்கின்றன. பெயர்ந்த இடத்தில் சில சொற்கள் பழைய பொருளைப் பேணிக் காக்கின்றன. சில, அயலாரோடு பழகிப் புதிய பொருளை ஏற்றுக்கொள்கின்றன. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் நாள்தோறும் வழங்கும் சொற்களுள், இவ்வகையில் நம் கருத்தை முதற்கண் ஈர்ப்பது 'சங்கடம்' என்பதாகும். தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே வழங்கும் சொல் அது. ஓசையில் வேற்றுமை இல்லை. எழுத்திலும் பெரிதாக இல்லை. பொருளில் மட்டும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமை மனிதர் படும் துன்பத்தைப் பற்றியதாதலின், அதனை அறியாதிருந்தால் ஒருவர் படும் துயரத்தை மற்றொருவர் உணராமற் போகவும் நேரும். அதனால் அச்சொல்லின் பிறப்பையும் போக்கையும் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நம்மனோர்க்குப் பயன் தருவதாகும்.

இரு வீட்டில் ஒரு சொல்

சென்னையிலோ மதுரையிலோ வாழும் ஒருவர், 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்றால் நாம் என்ன பொருள் கொள்கிறோம்? கடன் கேட்டு வந்த நண்பரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தவரும், முன்பின் அறியாதார் நடுவே விருந்துண்ண அமர்ந்தவரும், இரு உறவினர் பூசலில் யார் பக்கம் பேசுவது என்று அறியாது விழிப்பவரும் படுகின்ற நிலையே நம் நினைவுக்கு வருகிறது. தயக்கம், கூச்சம், இக்கட்டு என்பனவே அங்கு அச்சொல்லின் முதன்மைப் பொருள்கள். 'மனத்துக்குச் சங்கடம்' என்று வருத்தத்தையும் குறிப்பதுண்டு. எனினும் ஆழ்ந்த துயரத்துக்கு அவர்கள் அச்சொல்லைத் தேடிச் செல்வதில்லை.

மலையாளத்தில் நிலை வேறு. 'சங்கடம் வந்நு' என்று ஒரு மலையாளி சொன்னால், அவர் நெஞ்சு கலங்கியது என்பது பொருள். பொம்மை உடைந்த குழந்தை படுவதும் சங்கடம். பெற்ற தாயைப் பறிகொடுத்தவர் படுவதும் சங்கடமே. அழுகை, ஏக்கம், துக்கம் ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். பழைய பொருளும் அங்கு அழிந்துவிடவில்லை. 'தர்மசங்கடம்' என்னும் தொடரை அவர்களும் நம்மைப் போலவே வழங்குகின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழக்கு ஒன்றும் உண்டு. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும், துயருற்றவரைத் தேற்றும்போது 'சங்கடப்படாதே' என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை என்பது நாம் அறிந்ததே. அரசியல் எல்லை ஒருநாளில் மாறிவிடும். சொல்லின் எல்லை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

சொல்லின் பிறப்பு

'சங்கடம்' வடமொழியிலிருந்து வந்த சொல். 'சங்கட' என்பதற்கு அம்மொழியில் நெருங்கியது, குறுகியது, கடத்தற்கு அரியது என்பன பொருள்கள். இருபுறமும் மலை நெருக்க, ஒருவர் மட்டும் ஒதுங்கிச் செல்லத்தக்க வழி சங்கடமான வழி. அவ்வழியில் அகப்பட்டவனுக்கு முன்னே போகவும் இயலாது, பின்னே திரும்பவும் இயலாது. ஆதலின் அச்சொல் இடர், ஆபத்து என்னும் பொருளையும் பெற்றது.

பாணினி தம் இலக்கணத்தில் இச்சொல்லுக்கு ஒரு விதி வகுத்திருக்கிறார். சம், ப்ர, உத், வி என்னும் முன்னொட்டுகளோடு 'கட' என்னும் ஒட்டுச் சேர்ந்து, முறையே சங்கட, ப்ரகட, உத்கட, விகட என்னும் சொற்கள் பிறக்கும் என்பது அதன் கருத்து. இவற்றுள் 'ப்ரகட' என்பது வெளிப்படையானது. நாம் வழங்கும் 'பிரகடனம்' அதன் வழி வந்தது. 'விகட' என்பது இயல்பு திரிந்து கோணலாய் நிற்பது; கோணல் நகைப்புக்கு இடமாதலின், தமிழில் 'விகடம்' நகைச்சுவையைக் குறிக்கலாயிற்று. ஆகவே சங்கடமும் விகடமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! ஒன்று அழவைக்கிறது, மற்றொன்று சிரிக்கவைக்கிறது.

இச்சொல் நாடெங்கும் பரவியிருக்கிறது. இந்தியில் 'சங்கட்' என்றால் நெருக்கடி, ஆபத்து. காசியில் அனுமனுக்குரிய சங்கட மோசனர் கோயில் புகழ்பெற்றது. கன்னடத்தில் 'சங்கட' என்பது கடும் வேதனை. துன்பம் வந்தபோது மட்டும் கடவுளை நினைப்பவரைக் குறித்து, 'சங்கடம் வந்தால் வேங்கடரமணா' என்னும் பழமொழி அங்கு வழங்குகிறது. விநாயகரை வழிபடும் தேய்பிறைச் சதுர்த்தியைச் 'சங்கடஹர சதுர்த்தி' என்கிறோம். நம் நகரில் கிழக்குக் கோட்டையை அடுத்த பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைத்து வேண்டி நிற்பவருள் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. இருவரும் தீர்க்க வேண்டுவது சங்கடத்தைத்தான். ஒருவர் தம் இக்கட்டு நீங்க வேண்டுகிறார். மற்றவர் தம் மனத்துயர் நீங்க வேண்டுகிறார் என்று சொல்லலாமோ?

குறுகிய இடமும் துன்பமும்

நெருக்கத்தைக் குறிக்கும் சொல் துன்பத்தைக் குறிப்பது வடமொழிக்கு மட்டும் உரிய வழக்கன்று. வேதமொழியில் 'அம்ஹஸ்' என்னும் சொல் இடரைக் குறிக்கிறது. குறுகலைக் குறிக்கும் 'அம்ஹு' அதனோடு உறவுடையது. அந்த இனத்தைச் சேர்ந்தவையே ஐரோப்பிய மொழிகளிலும் காணப்படுகின்றன. இலத்தீனில் 'அங்குஸ்தியா' என்றால் ஒடுங்கிய இடம். அதிலிருந்தே ஆங்கிலத்தில் பெருந்துயரைக் குறிக்கும் 'ஆங்குவிஷ்' என்னும் சொல் பிறந்தது. ஜெர்மானியர் அச்சத்தையும் மனக்கலக்கத்தையும் குறிக்க வழங்கும் 'ஆங்ஸ்ட்' என்பதும் அவ்வினத்ததே.

தமிழ் வேறு குடும்பத்து மொழி. எனினும் நம் முன்னோரும் இதே வழியில் எண்ணியிருக்கின்றனர். 'இடுக்கண்' என்னும் சொல்லை நோக்குவோம். இடுக்கு என்பது குறுகிய சந்து. இடுங்குதல் என்பது ஒடுங்குதல். துன்பம் வந்துற்றபோது கண் மலர்ச்சி இழந்து இடுங்குகின்றது. அதனால் துன்பத்துக்கு இடுக்கண் என்னும் பெயர் வந்தது என்பர். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உடலின்வழி வெளிப்படும் உணர்ச்சிகளை எண்ணுமிடத்தில் இடுக்கணும் இடம்பெற்றுள்ளது. அந்நூலின் உரியியல், 'பையுள்', 'சிறுமை' என்னும் இரண்டு சொற்களும் நோயைக் குறிக்கும் என்று கூறுகிறது. சிறுமை என்பது சிறிதாதல். துன்புற்றவன் தன்னுள் தான் சிறுத்துப் போகிறான் என்னும் உண்மையை இச்சொல் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது! இந்நாளில் நாம் வழங்கும் 'நெருக்கடி' என்னும் சொல்லும் நெருக்குதலிலிருந்தே பிறந்தது. துக்கம் மிகுந்தவர், 'நெஞ்சு அடைக்கிறது', 'தொண்டை அடைக்கிறது' என்றுதானே சொல்கின்றனர்?

இடுக்கு என்னும் சொல்லைக் கேரள நாட்டின் நிலப்படத்திலும் காணலாம். 1972ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அமைக்கப்பெற்ற இடுக்கி மாவட்டத்தின் பெயர், பெரியாறு பாய்ந்த ஒடுங்கிய மலையிடுக்கால் வந்தது. குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கு இடையே அவ்விடுக்கை அடைத்து எழுப்பிய வளைவு அணை, ஏறக்குறைய 169 மீட்டர் உயரமுடையது. 1976இல் நாட்டுக்கு உரிமையாக்கப்பெற்றது. தமிழனுக்கும் மலையாளிக்கும் விளக்கமின்றியே பொருள் விளங்கும் ஊர்ப்பெயர் அது.

திருக்குறளின் 63ஆம் அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயர். துன்பம் வந்தபோது மகிழ்ந்து நகுக என்று வள்ளுவர் அதில் தொடங்குகிறார். கண் இடுங்குவது இடுக்கணாயின், முகம் மலர்வதே அதற்கு மாற்று என்னும் நயம் அங்குப் புலனாகிறது. வண்டியை இழுக்கும் எருதையும் அவர் அவ்வதிகாரத்தில் உவமையாக்குகிறார். மேடு பள்ளம் எதிர்ப்பட்ட இடமெல்லாம் மூச்சைப் பிடித்து இழுத்துச் செல்லும் எருதைப் போன்றவனிடம் வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும் என்பது அவர் கருத்து. கடத்தற்கரிய வழி என்னும் சங்கடத்தின் முதற்பொருளோடு இவ்வுவமை எத்துணைப் பொருந்துகிறது!

முறையீடான சங்கடம்

திருவிதாங்கூரில் இச்சொல்லுக்கு மற்றொரு வாழ்வும் இருந்தது. குடிகள் தம் குறையை மேலோரிடம் எடுத்துரைப்பதைச் 'சங்கடம் பறைதல்' என்றும், அதனை எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தைச் 'சங்கட ஹர்ஜி' என்றும் கூறுவர். தனி மனிதன் நெஞ்சில் அடைபட்டுக் கிடந்த துயரம், இங்கு நீதி வேண்டும் சொல்லாக உயர்ந்துவிட்டது.

மக்களின் தேவைகளையும் குறைகளையும் அரசு கேட்டறிதற்கென்றே, 1904ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜாசபை இந்நகரில் கூடலாயிற்று. 1896இல் கட்டப்பெற்ற விக்டோரியா ஜூபிலி மண்டபமே அது கூடிய இடம். அம்மன்றத்தில் அய்யன்காளி உறுப்பினராக அமர்ந்து, பள்ளியில் சேரவும் நிலம் பெறவும் வழியின்றி ஒடுக்கப்பட்டிருந்த தம் மக்களுக்காகப் பேசினார். அம்மண்டபம் 2019 முதல் அவர் பெயராலேயே வழங்குகிறது. குறுகிய வழியில் நெருக்குண்டு நின்ற மக்கள், தம் சங்கடத்தைச் சபையில் சொல்லி அகன்ற வழி கேட்ட வரலாறு அது. துன்பத்துக்கு ஒரு சொல் இருப்பது போதாது. அதனைக் கேட்கும் செவியும் வேண்டும் என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

வலியும் வேதனையும் நோவும்

சங்கடத்தைப் போலவே இடம் மாறிய வேறு சில சொற்களையும் இங்குக் கருத வேண்டும்.

'வேதனை' என்பது அறிதல், உணர்தல் என்னும் பொருளுடைய 'வித்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பௌத்த நூல்களில் அது பொதுவாக நுகர்ச்சியையே குறிக்கும். இன்ப வேதனையும் உண்டு, துன்ப வேதனையும் உண்டு, இரண்டுமல்லாத வேதனையும் உண்டு. காலப்போக்கில் துன்பம் மட்டுமே அச்சொல்லில் எஞ்சியது. தமிழில் அது பெரும்பாலும் கடுமையான மனத்துயரைக் குறிக்கிறது. மலையாளத்திலோ உடல் வலிக்கு அதுவே நாள்வழக்குச் சொல்: தலவேதன, வயறுவேதன, பல்லுவேதன.

நாம் உடம்பின் துன்பத்தை 'வலி' என்கிறோம். வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்னும் பொருளும் உண்டு. படகோட்டி துடுப்பு வலிக்கிறான். மலையாளத்தில் 'வலி' என்றதும் இழுத்தற் பொருளே முன்னிற்கிறது. ஓணக் காலத்தில் நடைபெறும் கயிறிழுக்கும் போட்டி 'வடம்வலி'. புகை பிடித்தல் 'புகவலி'. மூச்சிழுப்பு நோய் 'வலிவு'.

இவ்வேற்றுமை மருத்துவமனை வாயிலில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். செவிலி அன்போடு, 'அம்மே, வேதன உண்டோ?' என்று கேட்கிறார். மூதாட்டி, 'வேதனையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பிள்ளைங்க நல்லா வச்சிருக்காங்க. இங்கனதான் வலிக்குது' என்கிறார். வேதனை இல்லை என்றது செவிலியின் செவியில் வலி இல்லை என்று விழுகிறது. வலிக்கிறது என்றது மூச்சிழுப்போ என்று ஐயுற வைக்கிறது. இந்நகரில் தமிழ் அறிந்த செவிலியரும் மருத்துவரும் பலர்; எனவே பெரும்பாலும் குழப்பம் நொடியில் தீர்ந்துவிடும். ஆயினும் நெஞ்சுவலியில் ஒரு நொடியும் பெரிதன்றோ?

இவற்றிடையே இரு மொழிக்கும் பொதுவாய், இரு மொழியிலும் பொருள் மாறாது நிற்கும் சொல் ஒன்று உண்டு. அதுவே 'நோவு'. 'நோ' என்பது திராவிட மொழிகளின் பழைய வேர். கன்னடத்தில் நோவு என்றும், தெலுங்கில் நொப்பி என்றும் அதன் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. மலையாளத்தில் பிள்ளைப்பேற்று வலியைப் 'பேற்றுநோவு' என்பர். ஈழத் தமிழர் இன்றும் உடம்பு வலித்தால் 'நோகுது' என்றே சொல்வர். குறுந்தொகையின் நான்காம் செய்யுளில் தலைவி, தன் நெஞ்சு நோவதை மூன்று முறை கூறுகின்றாள். கால் நோவதும் உண்டு, மனம் நோவதும் உண்டு. உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே பொருந்தும் இச்சொல்லைத் தமிழ்நாட்டு நகரப் பேச்சு ஏறக்குறைய மறந்துவிட்டது. கேரளத் தமிழராகிய நாம் அதனை மறவாதிருக்க வேண்டும். நம் அயலார் அதனை மறக்கவில்லை.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கன

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளை, இந்நகரில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணிபுரிந்தார். மலையாளத்தின் பேரகராதியாகிய 'சப்ததாராவலி'யைத் தொகுத்த ஸ்ரீகண்டேசுவரம் பத்மநாப பிள்ளையும் இந்நகரத்தவரே. இரு மொழிக்கும் சொற்பொருள் கண்ட இரு பெரியோர் நடந்த தெருக்களில் நாமும் நடக்கிறோம். அவர்களைப் போல் அகராதி செய்ய நம்மால் இயலாது. ஆனால் நம் வீட்டளவில் சொல்லறிந்து வாழ்தல் இயலும்.

முதலாவது, கடிதமும் தொலைபேசியும் பற்றியது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, சென்னையில் உறவினர் ஒருவர் மறைந்த செய்தி கேட்டு, 'கேள்விப்பட்டதும் சங்கடமாக இருந்தது' என்று எழுதினால், அவன் நெஞ்சு உருகி எழுதியது அங்குள்ளவர்க்குப் பட்டும் படாத சொல்லாகத் தோன்றும். 'துயரம்', 'பெருந்துயர்', 'ஆற்றொணாத் துன்பம்' என்னும் சொற்களை அவன் அறிந்திருக்க வேண்டும். அவற்றை உரிய காலத்தில் சொல்லித் தருவது பெற்றோர் கடன்.

இரண்டாவது, ஊரிலிருந்து வரும் முதியோரைப் பற்றியது. உடல்வலிக்கு இங்கு 'வேதன' என்று சொல்ல வேண்டும், மனவருத்தத்துக்குச் 'சங்கடம்' என்று சொல்ல வேண்டும் என்னும் இரண்டு செய்திகளையாவது அவர்களுக்கு முன்னரே கூறி வைத்தல் நலம். மருத்துவமனைக்குச் செல்லுங்கால் இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் செல்லுதல் அதனினும் நலம்.

மூன்றாவதே தலையாயது. பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு திரும்பிய சிறுமி, 'அம்மா, எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்கிறாள். தாய்க்கு அச்சொல் ஏதோ கூச்சத்தையும் தயக்கத்தையுமே நினைவூட்டுகிறது. 'இதற்கெல்லாம் என்ன சங்கடம், போய்ப் படி' என்று அனுப்பிவிடுகிறார். அல்லது, 'இதென்ன மலையாளம் கலந்த பேச்சு, தமிழை ஒழுங்காகப் பேசு' என்று தந்தை கடிந்துகொள்கிறார். சிறுமி சொன்னதோ, தன்னால் தாங்கவியலாத துயரம் ஒன்றை. தோழியர் ஒதுக்கியிருக்கலாம், ஆசிரியர் சுடுசொல் சொல்லியிருக்கலாம். அவள் தான் அறிந்த சொற்களுள் மிகப் பெரியதையே எடுத்துச் சொன்னாள். அது செவியேறவில்லை என்று கண்டால், மறுமுறை சொல்ல மாட்டாள்.

அவள் சொன்னதில் பிழையும் இல்லை. அந்தப் பொருளில் நாஞ்சில் நாட்டுத் தமிழர் அச்சொல்லை வழங்குகின்றனர். நம் பாட்டன்மாரில் பலர் வழங்கினர். எனவே நம் இல்லங்களில் யாரேனும் 'சங்கடம்' என்று சொல்லக் கேட்டால், சற்று நின்று, 'கூச்சமா, வருத்தமா?' என்று மெல்லக் கேட்போம். சொல்லைத் திருத்துவதற்கு நாள் பல உண்டு. துயரத்தைக் கேட்பதற்கு அந்த வேளை ஒன்றே உண்டு.

குறுகிய வழியில் அகப்பட்டவர்க்கு வேண்டுவது, சிறிது ஒதுங்கி நமக்கு அருகே இடம் தருகின்ற ஒரு துணை. அயல்நாட்டில் வாழும் குடும்பத்தில் அத்துணை முதலில் வீட்டுக்குள்ளிருந்தே கிடைத்தல் வேண்டும். பிள்ளைகளின் சங்கடத்தைக் கேட்டறியும் இல்லத்தில் தமிழும் தழைக்கும்.